வாவியை மறைக்கும் மாடி: தடுக்க வழி உண்டா?

கேள்வி: மட்டக்களப்பு புளியந்தீவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நின்றால் வாவியும் கோட்டையும் தெரியும். முன்வளவில் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். அது எழும்பினால் எங்களுக்கு வாவி இல்லை, தெருவால் போகிற சனத்துக்குக் கோட்டையும் தெரியாது. வழக்குப் போட்டு நிறுத்தலாமா?

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். மேல்மாடியிலிருந்து தெரியும் வாவியை வைத்து நீங்கள் வழக்காட முடியாது. 1638இல் அந்தக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம்தான் இங்கே இன்னும் நடக்கிறது. அது, பக்கத்து வீட்டின் பார்வைக்காக ஒருவர் தன் காணியில் உயர்த்திக் கட்டுவதைத் தடுப்பதில்லை. முன்வளவின் பழைய உறுதியில், உங்கள் காணிக்காக இன்ன உயரத்துக்கு மேல் கட்டுவதில்லை என்று நொத்தாரிசு முன் எழுதியிருந்தால் கதை வேறு. காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். பல வருடமாகப் பார்த்து வந்தோம் என்பது மட்டும் போதாது.

கோட்டை அப்படியல்ல. அது ஊர்ச்சொத்து, உங்கள் பிடியும் அதில்தான். தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் (1940, 9ஆம் இலக்கம்) ஒழுங்குவிதிகள், அரச காணியிலுள்ள புராதன சின்னத்திலிருந்து 400 யார் தூரத்துக்குள் கட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் முதலில் நில அளவையாளரைக் கொண்டு தூரத்தை அளவுங்கள்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி (1978, 41ஆம் இலக்கம்), அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் அது இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. இல்லாமலோ, அதற்கு மாறாகவோ கட்டினால், 28ஏ பிரிவின் கீழ் அந்த அதிகார சபை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் கொடுக்கலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை பெறலாம். எத்தனை மாடிக்கு அனுமதி, தொல்பொருள் திணைக்களம் சம்மதித்ததா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

எல்லா அனுமதியும் சரியாக இருந்தால்? ‘ஊரின் அழகு கெடுகிறது’ என்ற வாதம் தனியே நிற்காது. அபிவிருத்தித் திட்டத்தில் உயர எல்லையோ, மறைக்கக்கூடாத காட்சியோ குறித்திருக்க வேண்டும். கோட்டைக்கும், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய வாவிக்கரை வாயிலுக்கும் அப்படியொரு கோடு கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும் நேரம்தான் அதைக் கேட்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் நாம் பேசாமல் இருந்துவிட்டு, அத்திவாரம் வெட்டிய பிறகு ஓடுகிறோம்.

நீதிமன்றம் கைவிடும் என்று நினைக்காதீர்கள். காலிமுகத்திடலைத் தனியார் கம்பனிக்குக் கொடுத்த ஒப்பந்தம் 2005இல் உயர் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. தகவல் கொடுக்க மறுத்ததும் உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அனுமதி விவரம் தெரிந்த நாளைக் குறித்து வையுங்கள், அப்புறம் தாமதிக்க வேண்டாம். இன்றைக்கே தெருவில் நின்று, கோட்டை தெரிகிற மாதிரி, திகதியோடு படம் எடுத்துவிடுங்கள். தளம் எழும்பிய பிறகு அந்தப் படம் கிடைக்காது.