தளம் ஒழுகுகிறது, கடன் வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீடு. கட்டி இருபது வருடம் ஆகிறது. மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும், மீதி மொட்டைமாடி. ஐப்பசி மழையில் கூடத்துச் சீலிங்கில் ஓதம் தெரிந்தது. பங்குனி வந்தும் காயவில்லை. மொட்டைமாடித் தட்டோட்டை முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் போட ₹1,80,000 ஆகும் என்கிறார் காண்ட்ராக்டர். பெர்சனல் லோன் வாங்கட்டுமா, மகள் படிப்புக்குப் போட்ட எஃப்.டி.யை உடைக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். டெல்டாவில் மழை பெரும்பாலும் மார்கழியோடு ஓய்ந்துவிடும். மாசி வெயில் அடித்த பிறகும் ஓதம் அப்படியே இருக்கிறது என்றால், மழையைவிட மாடிக் குழாய் மீதும் பாத்ரூம் மீதும்தான் எனக்குச் சந்தேகம். அது தெரியாமல் தட்டோட்டைப் பெயர்த்தால் பணமும் போகும், ஒழுகலும் நிற்காது.

முதலில் ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். ராத்திரி டேங்கை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியிருந்தால் டேங்கிலோ குழாய் லைனிலோ கசிவு. மறுநாள் டேங்குக்கு அடியில் உள்ள கேட் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது இறங்கவில்லை என்றால் லைன்தான். மட்டம் இறங்கவே இல்லையா? மாடி பாத்ரூமைச் சில நாள் பூட்டி வையுங்கள். பிறகு தரை வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். ஓதம் பென்சில் கோட்டைத் தாண்டினால் டைல்ஸ் இடுக்கிலோ வடிகால் ஓரத்திலோ ஓட்டை. இதிலும் பிடிபடவில்லை என்றால் மொட்டைமாடியில் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து இதே சோதனையைச் செய்யலாம். அங்கேயும் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் ஓரமும் குழாய் வாயும்தான் விட்டிருக்கும். அதைப் பூச மொத்தத் தளத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பூச்சு உப்பியிருந்தாலோ, கம்பி துருப்பிடித்துத் தெரிந்தாலோ உடனே ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அதற்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவு இல்லை. ஓதம் ஃபேன், லைட் பக்கம் வந்தால் அந்த லைனை அணைத்துவிடுங்கள்.

இனி பணம். ₹1,80,000 பெர்சனல் லோனை 14% வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் ₹6,150, வட்டி மட்டும் ₹41,000-க்கு மேல். தேவைப்படாமல் போகக்கூடிய வேலைக்கு இது பெரிய தொகை. மகள் படிப்புக்கான எஃப்.டி.யை உடைக்கவும் எனக்கு மனசில்லை. அதன் மேலேயே கடன் கிடைக்கும். எஃப்.டி. வட்டியைவிட வழக்கமாக 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல். சின்ன ரிப்பேருக்கு ₹20,000 எடுத்து ஆறு மாதத்தில் கட்டினால், 9% வட்டியில்கூட ₹900தான். சம்பா விற்ற பணம் கையில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். குழாய் வெடித்து ஏற்படும் சேதத்துக்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இழப்பீடு உண்டு. நாள்பட்ட கசிவுக்குக் கிடைக்காது.

சரி, சோதனையில் மொட்டைமாடிதான் காரணம் என்று தெரிந்தால் காண்ட்ராக்டரிடம் வேலை விவரத்தோடு எழுதி வாங்கி, ஆவணிக்குள் முடியுங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐப்பசி மழை ஒன்று பார்த்த பிறகு கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.