இரவில் மணக்கும் புகையிலைப் பூச்செடி: மணம் ஏன் வரவில்லை, விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: ஓசூர் அருகே நிழல்வலைக் கூடத்தில் தக்காளியும் குடைமிளகாயும் சாகுபடி செய்கிறேன். வீட்டு முன் தோட்டத்தில் இரவில் மணக்கும் அலங்காரப் புகையிலைச் செடி வளர்க்க ஆசை. சென்ற ஆண்டு நர்சரியில் வாங்கிய சிவப்பு, ரோஜா நிறக் குட்டைச் செடிகள் நன்றாகப் பூத்தன. மணம் துளியும் இல்லை. பிறகு வெள்ளைப் பூ விதை வாங்கி, தக்காளி விதைப்பதைப் போலவே குழித்தட்டில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. என்ன தவறு? இந்தச் செடியால் தக்காளிக்குக் கேடு வருமா? புகையிலை என்பதால் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் வாங்கிய குட்டைச் செடிகளில் மணம் இல்லாததற்கு உங்கள் பராமரிப்பு காரணமில்லை, அவற்றின் பிறப்பே அப்படி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த நிகோடியானா அலாட்டா வெள்ளைப் பூப் பூக்கும். மாலையில் விரிந்து இரவெல்லாம் மணக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளை இருட்டில் அழைக்கத்தான் அந்த மணமும் வெள்ளை நிறமும். பிரேசில் நாட்டின் நிகோடியானா ஃபோர்ஜெட்டியானா என்ற சிவப்புப் பூ இனமோ பகலில் தேன்சிட்டு போன்ற சிறு பறவைகளை நம்பியிருப்பது. அதற்கு மணம் தேவைப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்த இரண்டையும் கலந்து சாண்டரே என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். இன்று நர்சரிகளில் கிடைக்கும் பல வண்ணக் குட்டை ரகங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. நிறமும் பகலில் விரிந்து நிற்கும் குணமும் வந்தன, மணம் போய்விட்டது.

ஆகவே மணம் வேண்டுமென்றால் விதைப் பொட்டலத்தில் அலாட்டா என்ற இனப்பெயரும் வெள்ளை நிறமும் இருக்கிறதா என்று பாருங்கள். செடி 3 முதல் 4 அடி உயரம் வளரும். இடம் தாராளமாக இருந்தால் நிகோடியானா சில்வெஸ்ட்ரிஸ் இனத்தையும் வையுங்கள். 5 அடிக்கு மேல் வளர்ந்து, உச்சியில் நீண்ட வெள்ளைக் குழல் பூக்கள் கொத்தாகத் தொங்கும். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் பயிராகும் புகையிலைக்குத் தாய்வழி மூதாதை இந்த இனம்தான். "பல வண்ணக் கலவை, குட்டை ரகம், பகலிலும் பூத்திருக்கும்" என்று எழுதியிருந்தால் மணத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

விதை முளைக்காததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தக்காளிக்கு விதையைக் குழியில் ஊன்றி, தென்னை நார்க்கழிவால் மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலிதீன் தாளால் போர்த்துவோம். தக்காளிக்கு அது சரி. புகையிலை இன விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். விதை தூள் போன்றது, ஒரு கிராமில் பல ஆயிரம் இருக்கும். அரை சென்டிமீட்டர் மூடினாலே வெளிச்சமும் எட்டாது, முளை மேலே வரவும் சத்து இருக்காது.

இந்த முறை இப்படிச் செய்யுங்கள். மட்கிய தென்னை நார்க்கழிவைச் சலித்து, கிலோவுக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி) கலந்து, அகலமான ஆழமற்ற தட்டில் நிரப்புங்கள். முதலில் நன்றாக நனைத்து நீர் வடியவிட்டு, மேற்பரப்பைச் சமப்படுத்துங்கள். ஒரு சிட்டிகை விதையை இரண்டு தேக்கரண்டி உலர்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவி, ஒரு பலகைத் துண்டால் லேசாக அழுத்துங்கள். மேலே எதையும் போடாதீர்கள். ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளை மட்டும் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். தட்டை நீர் நிரம்பிய பாத்திரத்தில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 20 நாளில் முளைக்கும். பச்சைப் புள்ளிகள் தெரிந்ததும் தாளை எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தவறினால் ஈரம் தேங்கி நாற்றழுகல் வந்து, ஒரே இரவில் தட்டு முழுவதும் சாய்ந்துவிடும்.

நான்கு இலை வந்ததும் ஒவ்வொன்றாகக் குழித்தட்டுக்கு மாற்றுங்கள். தண்டு நூல் போல இருக்கும், அதனால் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். விதைத்து ஆறு, ஏழு வாரத்தில் நடலாம். ஓசூருக்கு செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை விதைப்புக்கு ஏற்ற காலம். குளிர் மாதங்களில் பூக்கும். கோடை வெயில் ஏறினால் பூ சிறுத்துவிடும். ஊட்டி போல உறைபனி விழும் ஊரில் இதற்கு நேர்மாறாக, பிப்ரவரி, மார்ச்சில் விதைக்க வேண்டும்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும், காற்று அதிகம் வீசாத இடமாகப் பாருங்கள். திண்ணைக்கோ படுக்கையறைச் சன்னலுக்கோ பக்கத்தில் வைத்தால்தான் இரவு மணம் உங்களுக்குக் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 3 கிலோ மட்கிய தொழுவுரமும் 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் போதும். அலாட்டாவுக்கு ஒன்றரை அடி, சில்வெஸ்ட்ரிஸுக்கு இரண்டு அடி இடைவெளி விடுங்கள். யூரியா வேண்டாம், இலை அகலமாகப் பெருகும், பூத்தண்டு தள்ளிப்போகும்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அலாட்டா பூவின் ஐந்து மடல்களும் நண்பகலில் உள்ளே மடிந்து, துவண்டு தொங்கும். செடி வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி, வேரழுகலை வரவழைத்துவிடுகிறார்கள். அதே பூ பொழுது சாயும்போது நட்சத்திரமாக விரியும். பூவைப் பார்த்து நீர் விடாதீர்கள். ஓர் அங்குல ஆழத்தில் மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் பார்த்து விடுங்கள். இலையில் சிறு கொசுக்கள் ஒட்டிச் செத்திருப்பதும் நோய் இல்லை. இலை, தண்டு முழுவதும் பிசின் சுரக்கும் மயிர்கள் உண்டு, தொட்டாலே கையில் ஒட்டும்.

இனி, முக்கியமான தக்காளி விஷயம். தக்காளியும் புகையிலை இனங்களும் ஒரே குடும்பம், நோய்களும் பொதுவானவை. புகையிலைத் தேமல் நச்சுயிரி பூச்சியால் பரவுவதைவிடக் கையாலும் கத்தியாலும்தான் பரவுகிறது. பீடி, சிகரெட் தொட்ட விரலிலும் இருக்கலாம். எனவே காலையில் கூடத்து வேலையை முதலில் முடியுங்கள். பூச்செடியைப் பிறகு தொடுங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் கூடத்துக்குள் போகாதீர்கள். கத்தரிக்கோல் தனியாக இருக்கட்டும். நாற்றையும் தக்காளி நாற்றோடு சேர்த்து வளர்க்காதீர்கள். இலையில் வெளிர், கரும்பச்சைத் திட்டுகளோ சுருளலோ தெரிந்தால் தயங்காமல் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், மருந்து கிடையாது. சுருளல் வேறொரு நச்சுயிரியால் வருவது, அதைப் பரப்புவது வெள்ளை ஈ. வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று கட்டுங்கள். கூடத்து வாசலையொட்டி இந்தச் செடியை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து; வீட்டின் மறுபக்கம் வையுங்கள்.

அதே சமயம் இலையடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது புகையிலை வெட்டுப்புழுவின் முட்டை. அந்த இலையோடு கிள்ளி அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புழு பரவிவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை, பூவில் படாமல் இலையடியில் தெளியுங்கள்.

செடி முழுவதும் நிக்கோட்டின் நஞ்சு உண்டு. ஆடு, மாடு, நாய் எட்டும் இடத்தில் வேண்டாம். பிடுங்கிய செடியைத் தீவனக் குப்பையில் போடாதீர்கள். ஈர இலையைக் கையாளும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1975ஆம் ஆண்டுப் புகையிலை வாரியச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டியவர்கள் வர்ஜீனியா புகையிலை சாகுபடியாளர்கள். அலாட்டாவும் சில்வெஸ்ட்ரிஸும் வேறு இனங்கள், அந்தப் பதிவு இவற்றுக்குப் பொருந்தாது.

முதல் பூத்தண்டு ஓய்ந்ததும் கீழ் இலைகளுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் மீண்டும் தளிர்த்துப் பூக்கும். விதை எடுக்க நினைத்தால் அலாட்டாவில் ஒரே செடி போதாது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம் அது, குறைந்தது இரண்டு மூன்று செடிகள் அருகருகே வேண்டும். காய் பழுப்பாகி நுனி வெடிக்கும் முன் காகித உறையைக் கட்டி, தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் வண்ணக் கலப்பினம் பூத்திருந்தால் அந்த விதையை எடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு மணம் குறைந்த செடிகள் கலந்து வரும்.