ஊற்றும் துளையை முதலில் திறங்கள்: ஆட்டோமேட்டிக் பிக்கப் கேள்வி-பதில்

என்னிடம் இருப்பது பொலிரோ பிக்கப். ஏ.டி.எஃப். ஆயிலை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்கிறார் மைத்துனர். எத்தனை லிட்டர் வாங்கட்டும்? (குடியாத்தம்)

ஒரு சொட்டும் வேண்டாம். ஏ.டி.எஃப். என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். உங்கள் காலடியில் கிளட்ச் இருக்கிறது. அது சாதாரண கியர்பாக்ஸ். கையேட்டில் குறித்திருக்கும் கியர் ஆயில் போதும். நம் பக்கத்துச் சந்தைகளுக்கு வந்து போகும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளை ஆட்டோமேட்டிக்காக வாங்கியவர்களுக்கே இனி எழுதுவதெல்லாம். மைத்துனருக்கு என் வணக்கம்.

"இந்த ஆயில் வண்டியின் ஆயுள் முழுக்க வரும்" என்று விற்றவர்கள் சொன்னார்கள். 70,000 கி.மீ. ஓடிவிட்டது. அடிக்கடி ஏலகிரிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறேன். (வாணியம்பாடி)

யாருடைய ஆயுள் என்று கேட்டீர்களா? 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) ஆயில் வழுக்கிக்கொண்டே சுழல்கிறது. அந்த வழுக்கல் அத்தனையும் சூடாகிறது. சூட்டில் முதலில் கெடுவது ஆயில்தான். பாரம், மலை, வேலூர் வெயில் மூன்றையும் சுமக்கும் வண்டியை ஆயில் மாற்றாமல் நான் 50,000 கி.மீ. தாண்ட விடுவதில்லை. கையேட்டில் கடும் உபயோகத்துக்கெனத் தனி அட்டவணை இருந்தால் அதுதான் உங்களுக்கானது.

ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக். அளவு பார்க்கும் கம்பியே இல்லை. வீட்டு வாசலில் நானே மாற்ற முடியுமா? (பாகாயம்)

முடியும். ஆனால் இதில் ஆயில் மாற்றுவது பாதி வேலை, அளப்பது மீதி வேலை.

முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். அது கழன்ற பிறகே அடியில் உள்ள வடிகால் போல்ட்டைத் தொட வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஆயில் முழுவதும் தட்டில் இறங்கிவிட்டது. மேல் போல்ட் துரு ஏறி அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி அதன் தலையும் மழுங்கியது. கியர்பாக்ஸில் ஆயில் இல்லாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது என்பதால் அந்த வண்டி இரண்டு நாள் வேப்பமரத்தடியிலேயே நின்றது. சொந்தக்காரர் தினமும் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

வடிந்ததை அளவுக்கோடு போட்ட கேனில் ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவு புதியது உள்ளே போக வேண்டும். பிறகு எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி லிவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, பி-க்கு (பார்க்கிங் நிலை) திரும்புங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் கையேடு சொல்லும் சூட்டை எட்டியதும், அளவு பார்க்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். மிகுதி ஒழுகி, மெல்லிய சொட்டாக மாறும்போது மூடிவிடலாம். ஒன்றுமே வராவிட்டால் குறைவு என்று பொருள், இன்னும் ஊற்றுங்கள்.

வேலூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். பல கியர்பாக்ஸ்களில் அந்தச் சூட்டு வரம்பு 40 டிகிரியை ஒட்டியே இருக்கும். கத்திரி வெயிலில் மத்தியான வேளையில் நிற்கும் வண்டி, சாவி போடும் முன்பே அங்கே வந்துவிடும். ஆயில் சூட்டில் விரியும்; விரிந்த ஆயிலை அளந்தால் தேவையானதும் சேர்ந்து ஒழுகிவிடும். குளிர்ந்ததும் உள்ளே குறைவாக இருக்கும். ஆகவே விடியற்காலையில் தொடங்குங்கள். சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காமல், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பாருங்கள்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் அளவு பொய் சொல்லும். பிக்கப் உயரமான வண்டி. ஒல்லியானவர் ஜாக்கி இல்லாமலேயே நுழைந்துவிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நான்கு சக்கரத்துக்கும் ஸ்டாண்டு வேண்டும். செங்கல் அடுக்கி அதன் கீழ் படுக்கிறவருக்கு என்னிடம் பதில் இல்லை.

சிவப்பாக இருக்கும் ஆயில் எல்லாம் ஒன்றுதானே? கடையில் மலிவாக ஒன்று கிடைக்கிறது. (ஆற்காடு)

குங்குமமும் மிளகாய்ப் பொடியும் சிவப்புதான். டபிள்யூ.எஸ். என்ற டொயோட்டா ஏ.டி.எஃப். வகையைக் கேட்கும் கியர்பாக்ஸுக்கு டெக்ஸ்ரான் 3 என்ற பழைய வகையை ஊற்றினால், பாகுத்தன்மை வேறுபடும். கியர் விழுவதும் தடுமாறும். டப்பாவில் உள்ள வகையும் கையேட்டில் உள்ள வகையும் ஒத்துப்போக வேண்டும்.

கையேட்டில் கிட்டத்தட்ட 10 லிட்டர் என்று இருக்கிறது. வடித்தால் 4 லிட்டர்தான் வந்தது. மீதி எங்கே? (ராணிப்பேட்டை)

கன்வர்ட்டரிலும், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியிலும், கூலர் குழாய்களிலும் பதுங்கியிருக்கிறது. நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை. நான்கை மாற்றினால் பழையது 60 சதவீதம் மிச்சம். சில நூறு கி.மீ. ஓட்டி மறுபடி வடித்தால் 36, மூன்றாம் முறை ஏறக்குறைய 22. மூன்று முறை எனக்குப் போதும். பத்து லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றிவிடாதீர்கள்; அதிகமானால் நுரைத்து, குறைவான ஆயிலைவிடப் பெரிய வம்பாகிவிடும்.

கியர்பாக்ஸின் அடித்தட்டான சேம்பரைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. பயமாக இருக்கிறது. (காட்பாடி)

விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விபூதி போல நைசாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். துடைத்துவிட்டுக் காந்தத்தை அதே இடத்தில் வையுங்கள். நெருடினாலோ, சிராய் போல மின்னினாலோ உள்ளே ஏதோ உடைகிறது. ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். பழுப்பு என்றால் வயது. கருகல் வாடை என்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தீய்ந்திருக்கலாம். ரோஸ் மில்க் போல வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள், அதுவும் எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளாமல். மூடும்போது சேம்பர் போல்ட்டுகளை முழு பலத்தோடு இறுக்க வேண்டாம். தகடு நெளிந்தால் புது கேஸ்கெட்டும் கசியும்.

பழைய ஆயிலை என்ன செய்வது? (பேர்ணாம்பட்டு)

பாலாறு தோல் கழிவைக் குடித்தது போதும், கால்வாயில் ஊற்றாதீர்கள். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மேலே "பழையது" என்று எழுதி ஒட்டுங்கள். நான் எழுதாமல் விட்ட ஒரு கேனை எடுத்து, என் மாமியார் தையல் மெஷினுக்கு விட்டுவிட்டார். அந்த வாரம் தைத்த ஜாக்கெட் அத்தனையிலும் பழுப்புக் கறை.