எட்டு மாதக் குழந்தைக்கு டயப்பர் போடும் இடம் சிவந்து புண்ணாகிறது. பவுடர் போடலாமா?

பவுடர் வேண்டாம். ஈரத்தில் கட்டிதட்டித் தொடை மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும். தூள் பறந்து மூச்சில் போவது அதைவிட மோசம். இதைச் சொன்னதற்கு என் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு கதை.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். மகளுக்கு ஏழாம் மாதம், ஐப்பசி அடைமழை. கொடியில் போட்ட கோமணத்துணி மூன்று நாளானாலும் பிசுபிசுவென்றே இருந்ததால் முழுநேரமும் டயப்பர்தான். இன்னும் நிறையவில்லையே என்று ஆறேழு மணி நேரம் விட்டதுதான் நான் செய்த தப்பு. நிறைவது கணக்கே இல்லை. மூத்திரமும் மலமும் கலந்து கிடந்தால் மலத்திலுள்ள செரிமான நொதிகள் வீரியம் கூடித் தோலை அரிக்கும். ஆகவே இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்றுங்கள். மலம் போனால் உடனே.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். வாசனை போட்ட ஈரத்துடைப்புத் தாள் (வைப்ஸ்) புண்ணில் பட்டால் எரியும். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். நான் ரப்பர் ஷீட்டின் மேல் அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டுக் கவிழ்த்து விடுவேன். ஒரு நாளைக்கு நாலு வேட்டி நனையும், நனையட்டும். அப்புறம் ஜிங்க் ஆக்சைடு களிம்பு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக. அடுத்த தடவை அதை முழுக்கச் சுரண்ட வேண்டாம். அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம்.

இவ்வளவு செய்தும் எங்களுக்கு அடங்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டியூபைப் பூசினேன். சிவப்பு அமுங்கி, மறுபடி சீறியது. குழந்தை மருத்துவர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் ஸ்டீராய்டு இருக்கும்மா, நிறுத்துங்க" என்றார். தொடையை விரித்துக் காட்டினார். மடிப்புக்குள்ளே பளீர் சிவப்பு, சுற்றிலும் குங்குமம் சிதறியது போலச் சின்னச் சின்னப் பொட்டுகள். பூஞ்சைத் தொற்றாம். சாதாரண ஈரப்புண் பெரும்பாலும் டயப்பர் உரசும் மேட்டில் வரும், மடிப்பின் ஆழத்தை விட்டுவிடும். சளிக்கு முன்பு கொடுத்த ஆன்டிபயாடிக்கும் இதற்கு வழிவிட்டிருக்கலாம் என்றார். குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கான களிம்பை எழுதிக் கொடுத்தார், ஒரு வாரத்தில் தோல் தேறியது.

அதனால் இன்றைக்கே மடிப்பை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பொட்டுகள் தெரிந்தாலோ, மூன்று நாளில் குறையாவிட்டாலோ, காய்ச்சல், கொப்புளம், சீழ் என்று எது வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இதுவரை பூசிய டியூப் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.