தாய்க்குடியின் தலையில் ஒரு பழி

ஐயா,

அக்காவுக்கு லூப்பஸ் என்று போன வருடம் சொன்னார்கள். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோயாம். ‘தாய்க்குடியில் வந்த நோய்’, அதாவது அம்மாவின் வம்சத்தால் வந்தது என்று, அப்பாவின் கூடப்பிறந்த மாமி ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறா. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம் இது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அக்கா குளிசைகளை ஒளித்து வைத்தா. இரண்டு கிழமை போடவுமில்லை. தங்கச்சிக்கு மரபணுச் சோதனை செய்தால், வருமா வராதா என்று தெரியுமா?

வாசகர், களுவாஞ்சிகுடி

தம்பி,

முதலில் ஏச்சு. குளிசையை நிறுத்த யார் சொன்னது? லூப்பஸ் சத்தமில்லாமல் சிறுநீரகத்தில் கைவைக்கும் நோய். ஸ்டீரொயிட் குளிசையைத் திடீரென்று விட்டால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். கலியாணம் குழம்பினால் குழம்பட்டும். அக்கா வேண்டும்.

சோதனையா? அதைச் செய்து வரும் வராது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளிவிடும். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. சரி, அதை விடுங்கள்.

என்னை உறுத்துவது உங்கள் மாமியின் பேச்சு. திருக்கோவில் என்ற ஊரில் என் பெரியம்மாவுக்கு கன்னம் இரண்டும் சிவந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி, தேங்காய் திருவக்கூட முடியாமல் போனது. ‘அந்தக் குடிப் பெண்களுக்கு இப்படித்தான்’ என்றார்கள். அவவின் அப்பா பக்கத்தை ஒரு ஆள் விசாரிக்கவில்லை. மட்டக்களப்பாருக்குக் குடி தாய்வழியில் வருவது பெருமைதான், கோயிலில் முறை கேட்க அது போதும். நோய்க்கு அந்தக் கணக்குச் செல்லாது.

பிள்ளையின் மரபணுவில் பாதி அப்பா கொடுத்தது. மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் நிறமூர்த்தங்கள்; மகளின் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களில் ஒன்று எப்போதும் அப்பாவுடையது. லூப்பஸ் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஆகவே அப்பா அந்த மரபணுக்களைச் சுமந்தபடியே ஒரு நோவுமில்லாமல் வயல் செய்து, பேரப்பிள்ளை கண்டு, நிம்மதியாகக் கண்மூடலாம். அவரிடமிருந்து மகளுக்குப் போனது யார் கண்ணிலும் படாது. கண்ணில் படுகிறவள் நோயாளிப் பெண், பழி அவளைப் பெற்றவளுக்கு. மாமிக்கு இதைச் சொல்லுங்கள்: அவவும் உங்கள் அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அக்காவுக்குள் மாமியின் பங்கும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள். ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு டீ.எல்.ஆர்.7 என்ற ஒரேயொரு மரபணுவின் மாற்றத்தால் லூப்பஸ் வந்ததை 2022இல் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம் தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. அவளிலேயே புதிதாக நேர்ந்தது. அவளுக்கு எந்தக் குடியைக் குறை சொல்வது?

தங்கச்சி பயப்பட வேண்டாம். மூட்டு நோவு, வெயில் பட்டால் கன்னம் சிவப்பது, விடாத காய்ச்சல் என்று ஏதும் வந்தால் டொக்டரிடம் போகட்டும், அப்போது அக்காவின் நோயை மறைக்காமல் சொல்லட்டும். அக்கா வெளியே போகும்போது குடையும் முழுக்கைச் சட்டையும் இருக்கட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், அப்பாவும் போகட்டும். அவர் பக்கத்தில் யாருக்குத் தைரொயிட், யாருக்கு மூட்டுவாதம் என்று டொக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.