கைதி தப்பிவிட்டால் வார்டரை சஸ்பெண்ட் செய்வதோடு பொறுப்பு முடிந்துவிடுமா?

கேள்வி இதுதான்: 2025இல் கண்ணூர் மத்தியச் சிறையிலிருந்து ஆயுள் கைதி ஒருவன் தப்பியதும் ஊழியர்கள் சிலரை சஸ்பெண்ட் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கிறது. உண்மையில் பொறுப்பு யாருடையது? பொதுமக்கள் என்ன செய்ய முடியும்?

என் அப்பா சிறை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் கேப்பர் மலையில், செம்மண்ணும் முந்திரியும் கடல் காற்றுமாக இருக்கும் அந்த மேட்டில், வார்டர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அதனால் இந்தக் கேள்வியை வெளியாள் மாதிரி நின்று பார்க்க என்னால் முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கண்ணூர். தப்பியவன் எங்கள் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்காரன் என்பதால் அன்று காலை இங்கே டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதே பேச்சுதான். 2011 பிப்ரவரியில் ஓடும் ரயிலில் ஓர் இளம்பெண்ணைத் தாக்கி, அவள் உயிர் போகக் காரணமானவன். தூக்குத் தண்டனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து ஆயுள் தண்டனையை மட்டும் நிலைநிறுத்தியது. 2025 ஜூலை 25 நள்ளிரவுக்குப் பிறகு அறையின் கம்பியை அறுத்துக்கொண்டு வெளியே வந்தான். துணிகளைக் கயிறாகக் கட்டிப் பெரிய மதிலைத் தாண்டினான். சில மணி நேரம் கழித்துத்தான் சிறைக்கே தெரிந்தது. அன்று முற்பகலுக்குள் ஊருக்குள் ஒரு கிணற்றில் ஒளிந்திருந்தவனை, மக்கள் கொடுத்த தகவலை வைத்துப் பிடித்துவிட்டார்கள். அவனுக்கு ஒரு கை முழுமையாகக் கிடையாது.

ஒற்றைக் கையோடு எப்படி ஏறினான் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். என் அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்து வேறு ஒன்றைக் கேட்டார்: "கம்பி தட்டிப் பாக்கலயா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாயந்திரம் லாக்கப் செய்வதற்கு, அதாவது கைதிகளை அறையில் விட்டுப் பூட்டுவதற்கு, முன்னால் ஒவ்வொரு அறைக் கம்பியையும் ஜன்னல் கம்பியையும் ஒரு தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு ஸ்பானரை எடுத்து எங்கள் வீட்டு ஜன்னலிலேயே அப்பா தட்டிக் காட்டியிருக்கிறார். நல்ல கம்பி 'ணங்'கென்று நீளமாக ஒலிக்கும். அடியில் துருப்பிடித்த கம்பியோ அறுபட்ட கம்பியோ 'தொக்'கென்று அங்கேயே அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்துவிடும். அறுத்த இடத்தைச் சோப்பால் மூடலாம், நூலால் சுற்றலாம், துணியைத் தொங்கவிட்டு மறைக்கலாம். சத்தத்தை மறைக்க முடியாது. கண்ணூரில் அந்தக் கம்பியை வாரக்கணக்கில் அறுத்திருக்கிறான் என்று செய்தி வந்தது. மதில்மேல் இருந்த மின்வேலியில் கரண்ட் இல்லை என்றும் வந்தது.

அப்படியானால் அந்த வாரக்கணக்கில் எத்தனை வார்டர்கள் மாறியிருப்பார்கள்? எத்தனை சாயந்திரம் கம்பி தட்டாமல் போயிருக்கும்? வேலியில் கரண்ட் இல்லாமல் எத்தனை நாள்? சஸ்பெண்ட் ஆணை அந்த ஒரு ராத்திரியை மட்டும்தான் பார்க்கும். கேரள அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சி.என்.ராமச்சந்திரன் நாயரையும் முன்னாள் டி.ஜி.பி. ஜேக்கப் புன்னூஸையும் வைத்துக் குழு அமைத்தது நல்ல காரியம். அதற்கு முந்தைய மாதங்களைத் தோண்ட அப்படி ஒரு குழுவால்தான் முடியும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்பா அப்போது ஒரு கிளைச் சிறையில் இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். வளாகத்தின் பின்பக்கத்தில் இருந்த பெரிய வேப்பமரம் மதில்மேல் சாய்ந்தது. மதில் உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லும் முள்கம்பியும் அந்த இடத்தில் போய்விட்டன. பின்பக்கத்துக்கு இருந்த ஒரே விளக்குக் கம்பமும் முறிந்தது. மரத்தை வெட்டி எடுத்தார்கள். கம்பத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அப்பா எழுதினார். ஜனவரியில் ஒரு கடிதம், மார்ச்சில் ஒன்று, மே மாதம் ஒன்று. கார்பன் தாள் வைத்து எழுதுவார், நீல எழுத்து அடித்தாளில் மங்கலாக விழும். மூன்று நகலும் இன்றைக்கும் வீட்டில் ஒரு பச்சை ஃபைலில் இருக்கின்றன. 'பின்பக்கம் முற்றிலும் இருளாக உள்ளது, இரவுப் பாராவில் பார்வைக்கு எட்டவில்லை' என்று மூன்றிலும் ஒரே வரி. மேலே அனுப்பினார்கள், மேலேயிருந்து பராமரிப்பு பார்க்க வேண்டிய அலுவலகத்துக்குப் போனது. மதிப்பீடு போட வேண்டும், நிதி வர வேண்டும், புயல் வேலையே முடியவில்லை என்று பதில்கள் வாய்மொழியாக வந்தன.

ஜூன் மாதத்தில் ஒரு ராத்திரி இரண்டு ரிமாண்ட் கைதிகள் தப்பினார்கள். கழிப்பறை மேலே இருந்த காற்றுப்போக்கியில் ஒரு கம்பியின் அடி துருப்பிடித்துப் போயிருந்தது. அதை வளைத்து வெளியே வந்து, மரம் விழுந்து மொட்டையாகிவிட்ட அதே இடத்தில் மதில் ஏறியிருக்கிறார்கள். ராத்திரி டியூட்டிக்கு இரண்டே பேர். கூட இருந்தவர், நெஞ்சு வலி என்று சொன்ன ஒரு கைதியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அப்பா தனியாள். நாலரை மணிக்குக் கணக்கு எடுக்கும்போது இரண்டு தலை குறைந்தது.

பத்து மணிக்குள் சஸ்பெண்ட். பிழைப்பூதியம் என்ற பெயரில் பாதிச் சம்பளம். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தார். தெருவில் இருந்தவர்கள் அப்பாவை நேருக்கு நேர் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்கள்: "எவ்ளோ வாங்குனாராம் உங்கப்பா?" அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பிய இருவரில் ஒருவனை மூன்றாம் நாள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள், மற்றவன் வக்கீலோடு வந்து கோர்ட்டில் சரணடைந்தான். பணம் கைமாறவில்லை என்பது அவர்கள் வாக்குமூலத்திலேயே வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் யாரும் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு 17 பி மெமோ, அதாவது துறை விசாரணைக்கான குற்றச்சாட்டு மெமோ, வந்தது. விசாரணையில் கேட்டதெல்லாம் அந்த ராத்திரியைப் பற்றியும் அதற்கு முந்தைய சாயந்திரத்தைப் பற்றியும்தான். எத்தனை மணிக்குப் பின்பக்கம் போனீர்கள், பாரா புத்தகத்தில் ஏன் ஒரு கையெழுத்து இல்லை, கம்பி தட்டினீர்களா. மூன்று கடிதங்களையும் அப்பா பையில் எடுத்துப் போயிருந்தார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷ இன்கிரிமென்ட் வெட்டு. பிரமோஷன் தள்ளிப்போனது. பின்பக்கத்து விளக்கு, கைதிகள் தப்பிய நாலாவது நாளே எரிந்தது.

அப்பா தன் தப்பை என்னிடம் மறைத்ததில்லை. "என்னுதும் தப்புதான் பாப்பா. அன்னைக்குச் சாயந்திரம் சாப்பாடு குடுக்கவும் ஆளு நான்தான், லாக்கப்புக்கும் நான்தான். பின்னால கம்பி தட்டல. ஆனா லைட்டு எரிஞ்சிருந்தா அவனுங்க செவுத்துல ஏறுறப்ப பாத்திருப்பேன்." அவருக்குத் தண்டனை கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவரோடு நின்றுவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை. ஆறு மாதம் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருந்தவருக்கு ஒரு மெமோகூடப் போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கவனக்குறைவால் கைதி தப்ப விட்ட அரசு ஊழியருக்கு இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். முன்பு இ.பி.கோ. 223, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 261. தப்பியவர்மேல் 262. இது தவிர 1894ஆம் வருஷத்துச் சிறைகள் சட்டம் இருக்கிறது. அதன் 54ஆம் பிரிவு, விதியை மீறும் ஜெயிலருக்கும் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்கிறது. 'ஜெயிலரும் அவருக்குக் கீழே' என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். 1894லேயே பொறுப்பு என்பது கீழ்நோக்கித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டு வாங்கிக் கொடுக்காதவரும் காலியிடத்தை நிரப்பாதவரும் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள்.

ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்று மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. மூன்று ஷிஃப்டு, விடுப்பு, ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாம் கழித்தால் ராத்திரியில் மிஞ்சுவது எத்தனை பேர் என்று கூட்டிப் பாருங்கள். அதிலும் கேட்ட எண்ணிக்கை இருந்தால்தானே கழிப்பதற்கு.

பழைய சம்பவங்களும் இதையே சொல்கின்றன. வேலூர்க் கோட்டைக்குள் அடைத்து வைத்திருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். சுரங்கம் ஒரு ராத்திரியில் தோண்டுவதல்ல. அந்த மண் நாள்தோறும் எங்கேயோ போய்க் கொட்டியிருக்கிறது. 2016 அக்டோபர் 30, தீபாவளி ராத்திரியில் போபால் மத்தியச் சிறையிலிருந்து விசாரணைக் கைதிகள் எட்டுப் பேர் போர்வைகளைக் கட்டி மதில் தாண்டினார்கள். குறுக்கே நின்ற தலைமைக் காவலர் ராமசங்கர் யாதவைக் கொன்றுவிட்டுத்தான் போனார்கள். அந்த எட்டுப் பேரும் அன்றைக்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள், அதுவே தனி சர்ச்சையானது. யாதவின் மகளுக்கு டிசம்பரில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அப்பாவுக்கு போன் செய்து ஒன்றும் பேசாமல் அழுதேன். ஆளில்லாத பாராவில் நிற்கும் ஒருவர் சஸ்பெண்ட் ஆவதோடு தப்பித்தால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

உள்ளேயிருந்து உதவி செய்து தப்ப விடுபவர்களும் உண்டு. அவர்களை வேலையை விட்டு அனுப்பி வழக்கும் போட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. அதற்காகவே விசாரணை சரியாக நடக்க வேண்டும் என்கிறேன். எல்லோரையும் ஒரே காலையில் ஒரே ஆணையில் சஸ்பெண்ட் செய்தால், விற்றவனும் களைத்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னும் இரண்டு தரப்பை யாரும் நினைப்பதில்லை. ஒன்று, பாதிக்கப்பட்ட குடும்பம். கண்ணூர்க் கைதி தப்பிய காலையில் அந்தப் பெண்ணின் அம்மா டி.வி.யில் பேசினார், பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த முகம். தப்பியது தெரிந்த அடுத்த நிமிஷம் போக வேண்டிய முதல் போன் அந்த மாதிரி வீட்டுக்குத்தான் என்பது என் எண்ணம். இரண்டாவது, தப்பாமல் உள்ளேயே இருக்கும் கைதிகளின் குடும்பம். நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அப்பா இருந்த இடத்தில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பத்து நாளைக்கு மனுவை, அதாவது குடும்பத்தார் வந்து கைதியைப் பார்ப்பதை, நிறுத்திவிட்டார்கள். தூக்குவாளியும் கைக்குழந்தையுமாக மனு பார்க்க வந்த பெண்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். அவர்கள் வீட்டு ஆள் எந்தச் சுவரிலும் ஏறவில்லை.

பொதுமக்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மதில் எங்கே தாழ்வு, கேமரா எங்கே என்று கேட்டால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பார்கள், மறுப்பது நியாயமும்கூட. எண்ணிக்கையும் தேதியும் கேளுங்கள். அனுமதித்த வார்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை. கடந்த இரண்டு வருஷத்தில் பழுது பார்க்கச் சொல்லிப் போன கடிதங்கள் எத்தனை, எந்தத் தேதியில் போனது, எந்தத் தேதியில் வேலை முடிந்தது. அதிகாரிகளும் அரசு நியமிக்கும் வெளியாட்களும் கொண்ட பார்வையாளர் குழு கடைசியாக எப்போது உள்ளே போனது, என்ன குறிப்பு எழுதியது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவருடைய மூன்று கடிதங்களின் தேதியைக் குறிப்பிட்டு நானே ஒரு தகவல் உரிமை மனு போட்டேன். முதல் பதில், கோப்பு கிடைக்கவில்லை என்று வந்தது. மேல்முறையீட்டில் கார்பன் நகல்களை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். அதற்கு வந்த பதிலில், மூன்று கடிதமும் எந்தெந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போயின என்று பதிவு எண்ணோடு கொடுத்திருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு அதையும் பச்சை ஃபைலில், மூன்றாவது கடிதத்துக்குப் பின்னால் கோத்து வைத்தார்.