கரைசல் கணக்கில் சந்தேகமா? கேளுங்க, சொல்றேன்

பரீட்சை நெருங்குகிறது, கரைசல் பாடத்தில் எங்கே முட்டுகிறதோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கேட்பார்கள் என்று பார்த்தால் சாயப்பட்டறை ஆட்களும் வீட்டு அம்மாக்களும்கூட வந்துவிட்டார்கள். நல்லதுதான். யாராக இருந்தாலும் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதில் இத்தனை, தண்ணீரிலா கரைசலிலா என்று பார்க்காமல் வகுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

கோபிசெட்டிபாளையம், பத்தாம் வகுப்பு: டீச்சர், 25 டிகிரியில் சாப்பாட்டு உப்போட கரைதிறன் 36 கிராம். தெவிட்டிய கரைசல் 36 சதவீதம்னு எழுதினேன், தப்புன்னு சுழிச்சுட்டாங்க.

தப்புதான் கண்ணு. கரைதிறன், அதாவது கரையக்கூடிய உச்ச அளவு, 100 கிராம் தண்ணீருக்குச் சொல்வது, நிறை சதவீதம் 100 கிராம் கரைசலுக்குச் சொல்வது. தெவிட்டிய கரைசல் என்றால் இதற்கு மேல் உப்பு கரையாத கரைசல்; 36 கிராம் உப்பும் 100 கிராம் தண்ணீரும் சேர்ந்தால் அது 136 கிராம். 36-ஐ 136-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 26.5 சதவீதம்.

அவிநாசி, பதினொன்றாம் வகுப்பு: பொட்டாசியம் நைட்ரேட் 60 டிகிரியில் 110 கிராம், 20 டிகிரியில் 32 கிராம் கரையும். 60 டிகிரியில் தெவிட்டிய கரைசல் 105 கிராமை 20 டிகிரிக்குக் குளிரவெச்சா எவ்வளவு படியும்? எனக்கு 82 வருது, விடை 39-ங்கறாங்க.

நீ 110-இல் 32-ஐக் கழித்து 78 எடுத்து, அதை 1.05-ஆல் பெருக்கியிருக்கிறாய். அதாவது 105 கிராமையும் தண்ணீர் என்று நினைத்துவிட்டாய். அது கரைசல். 210 கிராம் கரைசல் இருந்தால் அதில் தண்ணீர் 100, பொட்டாசியம் நைட்ரேட் உப்பு 110. 105 கிராம் என்றால் சரிபாதி, தண்ணீர் 50, உப்பு 55. அந்த 50 கிராம் தண்ணீர் 20 டிகிரியில் தாங்குவது 16 கிராம். 55-இல் 16 போனால் 39. இந்த மாதிரி கணக்கில் முதல் வரியிலேயே தண்ணீரைத் தனியாகப் பிரித்து எழுதிவிடு, மீதி தானாக வரும்.

திருப்பூர், சாயப்பட்டறையில் வேலை: ஏனுங்க டீச்சர், பையன் படிக்கறதைப் பார்த்துத்தான் கேக்கறேன். எங்க ரெசிபியில லிட்டருக்கு 60 கிராம் கிளாபர் சால்ட், 100 கிலோ துணி, லிக்கர் ரேஷியோ 1:8. இதை மோலாரிட்டியில எப்படிங்க சொல்றது? அப்புறம், மதியம் கெட்டியாக் கரைச்சு வெச்ச உப்புத்தண்ணி மார்கழி ராத்திரியில தொட்டியில கட்டிகட்டியா நிக்குது, அது ஏனுங்க?

பையன் புத்தகத்தில் இருப்பதைவிட உங்கள் கேள்வி நன்றாக இருக்கிறதுங்க. லிக்கர் ரேஷியோ 1:8 என்றால் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், அதனால் 100 கிலோ துணிக்கு 800 லிட்டர், லிட்டருக்கு 60 கிராம் வீதம் 48 கிலோ உப்பு. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. கிளாபர் சால்ட் என்பது சோடியம் சல்பேட், அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 142 கிராம், அதனால் 60-ஐ 142-ஆல் வகுத்தால் 0.42 மோலார். ஆனால் ஒன்று பாருங்கள், இது தூளாக வரும் நீரற்ற உப்புக்கான கணக்கு. பளபளவென்று படிகமாக வருவதில் ஒவ்வொரு மூலக்கூறோடும் பத்துத் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதன் மோலார் நிறை 322. அந்தப் படிகத்தில் 48 கிலோ போட்டால் உள்ளே உண்மையான உப்பு 21 கிலோதான் போகும், துணியில் நிறம் சரியாக ஏறாது. அதே 0.42 மோலார் வேண்டுமென்றால் ஏறக்குறைய 109 கிலோ படிகம் போட வேண்டும். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள்.

கட்டி விழுவதற்குக் காரணம், இந்த உப்பு சூட்டுக்கு ரொம்பவே அசைந்து கொடுக்கும். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 19 கிராம் கரையும், 30 டிகிரியில் 40 கிராமுக்கு மேல். 32.4 டிகிரியில் உச்சம், ஏறக்குறைய 50 கிராம். அதற்கு மேல் சூடேற்றினால் கூடாது, மெதுவாகக் குறையும். சாப்பாட்டு உப்பு அப்படியில்லை, கொதிக்கும் தண்ணீரிலும் 39 கிராம்தான். மதியம் கெட்டியாகக் கரைத்தது ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கினால் பாதிக்கு மேல் வெளியே வந்து நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த 48 கிலோவும் சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுகிறதே தவிர, துணியோடு போவதில்லை. அத்தனையும் கழிவுநீரில்தான் நிற்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன விவகாரத்தில் நொய்யல் ஆற்றுக்கு வந்த பெரிய வினை இந்த உப்புதான். வடிகட்டினால் போகிற பொருளில்லை அது.

தாராபுரம், பதினொன்றாம் வகுப்பு: 2 மோலார் கரைசல் 100 மில்லியை 0.5 மோலார் ஆக்க 400 மில்லி தண்ணீர் சேர்க்கணுமா?

இல்லை, 300. 400 என்பது கடைசியில் இருக்க வேண்டிய மொத்தக் கன அளவு.

ஈரோடு, பதினொன்றாம் வகுப்பு: 98 சதவீத சல்பூரிக் அமிலம், அடர்த்தி 1.84. மோலாரிட்டி 18.4 வருது, சரி. மோலாலிட்டி 500 வருதே, இவ்வளவு வருமா?

வரும், பயப்படாதே. ஒரு லிட்டர் அமிலம் 1840 கிராம், அதில் 98 சதவீதம் அமிலம், மோலார் நிறையும் 98, அதனால்தான் 18.4 என்று அழகாக விழுகிறது. மோலாலிட்டி என்பது ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது, அதனால் கீழே வருவது கரைப்பான் மட்டும், இங்கே தண்ணீர். 1000 கிராமில் அமிலம் 980 கிராம், அதாவது 10 மோல். தண்ணீர் வெறும் 20 கிராம். 10-ஐ 0.02 கிலோவால் வகு, 500. ஆய்வகத்தில் 0.5 மோலார் 250 மில்லி தயாரிக்க இதில் 6.8 மில்லி போதும். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அமிலத்தை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

பொள்ளாச்சி, பன்னிரண்டாம் வகுப்பு: சில்வர் குரோமேட்டுக்குக் கரைதிறன் பெருக்கம் 4எஸ்³-ன்னு போடறோம். வெள்ளி அயனியை ஒரு தடவை ரெண்டால பெருக்கி, மறுபடி வர்க்கமும் எடுக்கறது ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எண்ணற மாதிரி இல்லீங்களா?

வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதைக் கேட்பார்கள், கேட்காமல் மனப்பாடம் செய்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கரைதிறன் பெருக்கம் என்பது தெவிட்டிய கரைசலில் உள்ள அயனிகளின் செறிவுகளை, அயனி எண்ணிக்கையை அடுக்காக வைத்து, பெருக்கி வருவது. சில்வர் குரோமேட்டில் ஒரு குரோமேட் அயனிக்கு வெள்ளி அயனி இரண்டு. அந்த 2, தண்ணீரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சொல்கிறது. ஒரு லிட்டரில் எஸ் மோல் கரைந்தால் வெள்ளி 2எஸ், குரோமேட் எஸ். வர்க்கம் வருவது சமநிலை விதியிலிருந்து. வெள்ளியின் செறிவை அளந்து 1.3×10⁻⁴ என்று கேள்வியிலேயே கொடுத்துவிட்டால், அதை அப்படியே வர்க்கம் எடுப்பாய், இரண்டால் பெருக்க மாட்டாய். இரண்டுக்கும் வேலை வேறு வேறு.

சில்வர் குரோமேட்டின் பெருக்கம் 1.1×10⁻¹², சில்வர் குளோரைடுக்கு 1.8×10⁻¹⁰. எண் சிறியதாக இருப்பதால் குரோமேட்தான் குறைவாகக் கரையும் என்று எழுதிவிடாதே. கணக்குப் போட்டால் குரோமேட் 6.5×10⁻⁵, குளோரைடு 1.34×10⁻⁵, குரோமேட்தான் கூடுதல். அயனிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால்தான் பெருக்கத்தை நேராக ஒப்பிடலாம். அதே குளோரைடை 0.1 மோலார் உப்புத் தண்ணீரில் போட்டால் 1.8×10⁻⁹ தான் கரையும், ஏழாயிரம் மடங்குக்கு மேல் குறைவு. உப்பிலிருந்து குளோரைடு அயனி ஏற்கனவே தண்ணீரில் இருப்பதுதான் காரணம்; பொது அயனி விளைவு என்றால் இதுதான்.

காங்கேயம், ஒரு அம்மா: எங்க போர் தண்ணி டி.டி.எஸ். 1500 காட்டுதுங்க. கொதிக்கவெச்சுக் குடிச்சா குறையுங்களா?

குறையாதுங்க. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு; 1500 என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம், ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒன்றரைக் கிலோ. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2000 வரை விடலாம். கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை தரும் சுண்ணாம்பு உப்பு மட்டும் அடியில் வெள்ளையாகப் படியும், மற்ற உப்பெல்லாம் அப்படியே நிற்க, ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அதனால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். கிருமிக்காகக் கொதிக்க வையுங்கள், உப்புக்கு ஆர்.ஓ. மெஷின்தான். அது வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும், அதைக் கறிவேப்பிலைச் செடிக்குத் தினமும் ஊற்றாதீங்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.